ஆர்டிஸ் கோல்டர்மன் அடித்த ரிவிட்டுகள்

ஆர்டிஸ் கோல்டர்மனுக்குப் பிடிக்காதவர்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிடப் பிடித்தவர்களை எண்ணுவது சுலபம். யாரும் கிடையாது. ஊருக்கு வெளியே, சோள வயல்கள் முடிகிற இடத்தில், பழைய போர் விமானங்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பின்கொட்டகைக்குள் அவள் காலெடுத்து வைத்ததும், உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு அப்படியே நின்றுவிடும். காப்பியைக்கூட அவள் வீட்டிலிருந்தே குடுவையில் கொண்டுவருவாள். லைல் நோவாட்னி போடும் காப்பியை நாய்க்கு ஊற்றினால் நாய் வழக்குப் போடும் என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள்.

லைல் ரயில்வேயில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு காதிலும் மெஷின். ஆர்டிஸ் வாயைத் திறந்ததும் அதை அணைத்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பான். அது அவளுக்கும் தெரியும்.

அந்தக் கொட்டகையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வீட்டில் இருந்தால் பெண்டாட்டி திட்டுவாள் என்று வருகிறவர்கள் பாதி, திட்டப் பெண்டாட்டி இல்லாமல் போனதால் வருகிறவர்கள் மீதி. வாரத்தில் மூன்று நாள் வந்து துரு சுரண்டி, தகடு வெட்டி, தங்கள் இளமையில் பறந்த விமானங்களுக்கு மறுபடி உருவம் கொடுப்பார்கள். ஒன்றுகூட இனிப் பறக்காது. கயிறு கட்டிய தரையில் நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு சண்டையா என்று வெளியாட்கள் கேட்பார்கள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தேவாலயங்களே இரண்டாக உடைந்த ஊர் இது.

ஆர்டிஸை ஏன் இன்னும் வெளியே தள்ளவில்லை என்றால், அவள் கை அப்படி. மாடு ஏற்றும் டிரெய்லர் செய்கிற தொழிற்சாலையில் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் சேர்ந்தவள், இடுப்பு தேயும்வரை அலுமினியத் தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணிகளை அடித்தாள். அவள் அடித்த ரிவிட்டின் தலை தகட்டோடு தகடாகப் படுத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கையில் தட்டாது. கொட்டகையை நடத்திய ஓய்வுபெற்ற கர்னல் வெண்டல் ப்ரோஹாஸ்காவுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் ஒரு காலத்தில் எதிரியின் தலைக்கு மேல் பறந்து படம் பிடித்துக்கொண்டு வந்தவர். ஆர்டிஸிடம் பேச வேண்டுமென்றால் மட்டும் பக்கத்தில் யாரையாவது துணைக்கு நிறுத்திக்கொள்வார்.

பான்டம் என்ற இந்தப் பழைய ஜெட் போர் விமானம் வந்தபோது அதன் மேல் அவளுக்குத் தனியாக ஒரு பகையும் இல்லை. பக்கத்து ஊர்ப் பூங்காவில் ஒரு தூணின் மேல் குத்திவைக்கப்பட்டு, வயிற்றில் புறாவும் வாலில் பீர் பாட்டிலுமாகப் பல வருஷம் நின்றது. முன்னாள் வீரர்கள் சங்கத்தார் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டை அதன் மேல் பளபளவென்று பூசி, போரில் திரும்பி வராத வேறொரு விமானத்தின் எண்ணை அதற்குப் போட்டு வைத்திருந்தார்கள். வால் பக்கத்தைச் சுரண்டும் வேலை ஆர்டிஸுக்கு. வெள்ளை போய்ப் பச்சை வந்தது, பச்சை போய்ச் சாம்பல் வந்தது, சாம்பலுக்கு அடியில் விமானத்தின் சொந்த எண் வந்தது. அவள் ஏணியின் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அது மெர்லுடைய விமானம்.

மெர்ல் கோல்டர்மன் அவள் கணவனாக இருந்தவன். மாநில விமானப்படையில் சீஃப். ஒவ்வொரு போர் விமானத்துக்கும் தரையில் ஒரு சொந்தக்காரன் உண்டு. அவனைத்தான் சீஃப் என்பார்கள். விமானி இரவல் வாங்கிக்கொண்டு போகிறவன், ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். மெர்ல் அந்த எண்ணைத் தூக்கத்தில்கூடச் சொல்வான். கல்யாண நாள் கேட்டால் யோசிப்பான்.

சாப்பாடு ஆறிப்போய்க்கொண்டிருக்கும். ஆர்டிஸ் விமானத் தளத்துக்குப் போன் போடுவாள். யார் எடுத்தாலும் ஒரே பதில்தான். "மெர்ல் விமானத்துக்குள்ள இருக்காரும்மா. வந்ததும் சொல்றேன்." கிறிஸ்துமஸுக்கும் இதே பதில், அவள் அப்பா செத்த அன்றைக்கும் இதே பதில். அவளும் நம்பினாள். ஒரு விமானத்தைச் சக்களத்தியாக நினைத்து அதன் மேல் வயிறெரிந்த முட்டாள் அவள். பிறகுதான் தெரிந்தது, அவன் பாதி நேரம் இருந்தது பாராசூட் மடிக்கும் அறையில், அங்கே வேலை பார்த்த ட்வைலாவோடு. விமானமாவது பரவாயில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

மெர்ல் போய்விட்டான். ட்வைலாவைக் கட்டிக்கொண்டான். ஆர்டிஸ் அவன் பெயரை மட்டும் விடவில்லை. ஊரில் இரண்டு திருமதி கோல்டர்மன் இருந்தால் புதியவளுக்குத்தான் அசிங்கம் என்று ஒரு கணக்கு. கடைசியில் அவன் நுரையீரல் கெட்டு இறந்தபோது இறுதிச் சடங்குக்கும் அவள் போகவில்லை. அன்றைக்குப் புல் வெட்டினாள்.

எண் வெளியே வந்த அன்றைக்கே அவள் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கர்னல்கூட மெதுவாகக் கேட்டுப்பார்த்தார்.

"ஆர்டிஸ், வேணும்னா அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் ஒண்ணு இருக்கு..."

"எதுக்கு? அவன் வச்ச ஓட்டையெல்லாம் இத்தனை வருஷம் நான்தான் அடைச்சேன். இதையும் நானே அடைக்கிறேன்."

செய்தி ஊருக்குள் போனது. அடுத்த வாரமே ட்வைலா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தட்டு நிறைய ரன்ஸா. மாவுக்குள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வைத்துச் சுட்டது, ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மானங்கெட்டவன்கள் என்று ஆர்டிஸ் பல்லைக் கடித்தாள்.

"இங்க எதுக்கு வந்த?"

"அவரோட விமானம். வேலை செய்ய வந்தேன்."

"உனக்கு என்ன தெரியும், குடை மடிக்கத் தெரியும்."

"அந்தக் குடையை நம்பித்தான் உங்க கர்னல் குதிச்சாரு," என்றாள் ட்வைலா. கர்னல் வாயில் ரன்ஸாவோடு தலையாட்டினார்.

அவளைச் சேர்த்துக்கொண்டதற்கு ரன்ஸா மட்டும் காரணம் இல்லை. ட்வைலா குள்ளம், ஒல்லி, வயதானாலும் பூனை மாதிரி வளைவாள். விமானத்தின் இடது பக்கம், எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய்க்குப் பின்னால் ஒரு பொந்து இருக்கிறது. புறா எச்சம் பட்டு அங்கே தகடு முழுக்க அரித்துப்போயிருந்தது. புதுத் தகடு வைத்து ரிவிட் அடிக்க வேண்டுமென்றால் வெளியே ஒருவர் காற்றழுத்தத்தில் அடிக்கும் ரிவிட் துப்பாக்கியோடு, உள்ளே ஒருவர் முட்டுக் கொடுக்க இரும்புக் கட்டையோடு. வயிற்றுப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக அந்தப் பொந்துக்குள் நுழையக்கூடிய உடம்பு கொட்டகையில் வேறு யாருக்கும் கிடையாது. எல்லாருக்கும் தொப்பை.

ஆக, வெளியே ஆர்டிஸ், உள்ளே ட்வைலா. நடுவில் ஒரு தகடு. இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பேசத் தேவையும் இல்லை. அந்த வேலைக்கு என்றே ஒரு பாஷை உண்டு. உள்ளே இருக்கிறவர் கட்டையால் தகட்டை ஒரு தட்டு தட்டினால், இன்னும் அடி என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் சரி, அடுத்ததற்குப் போ. மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, துளைபோட்டு எடு.

ஆர்டிஸின் ரிவிட்டுக்கு யாரும் மூன்று தட்டுத் தட்டியதில்லை. ட்வைலா முதல் நாளே தட்டினாள். ஆர்டிஸ் முகம் சிவந்துபோய் அதை எடுத்துப் பார்த்தாள். ரிவிட்டின் வால் நுனி நிஜமாகவே கோணலாக மடிந்திருந்தது. தப்பு உள்ளே கட்டையைச் சாய்த்துப் பிடித்ததால் என்று அவளுக்குத் தெரியும். அதை நிரூபிக்க முடியாது என்பதும் தெரியும். அன்றிலிருந்து அவள் துப்பாக்கிக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டியே வைத்தாள். உள்ளே காது கிழியட்டும் என்று.

கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. கருவி மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் வரைந்திருக்கும். சாயந்தரம் ஒரு நிழல் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. விமானத்துக்குள் எந்தப் பொருளையும் விட்டுவிட்டு மூடக்கூடாது. மூடினவன் அதோடு வெளியே. பறக்கிற காலத்தில் உள்ளே கிடந்த ஒரு திருகாணி ஆளையே கொன்றிருக்கிறது. இது இனிப் பறக்கப்போவதில்லையே என்று ஒரு பல் டாக்டர் ஒருமுறை வாதாடினார். நல்ல மனிதர், இறக்கைக்குள் ஸ்க்ரூடிரைவரை மறந்து வைத்துத் தகட்டை மூடிவிட்டார். "பறக்காதுன்னு விமானத்துக்கு யாரும் சொல்லல," என்று கர்னல் அவரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். டாக்டர் அழுதுகொண்டே போனார். சட்டம் என்றால் சட்டம்.

வேலை முடிகிற கட்டத்தில் பெயர் விஷயம் கிளம்பியது. விமானி அறையின் கண்ணாடி விளிம்புக்குக் கீழே ஒரு பக்கம் விமானியின் பெயரும் அதற்கடியில் சீஃபின் பெயரும் எழுதுவது வழக்கம். விமானி பெயராகக் கர்னலுடைய பழைய நண்பர் ஒருவரை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சீஃபுக்கு ட்வைலா எழுந்து நின்றாள்.

"மெர்ல் கோல்டர்மன். இதுல என்ன பேச்சு இருக்கு? அவரு விமானம்."

"அந்தப் பேரு இதுல ஏறாது," என்றாள் ஆர்டிஸ். "ஏறினா நான் இறங்கிடுவேன். மிச்சத் தகட்டை நீங்களே நக்கி ஒட்டிக்கோங்க."

"ஏறலைன்னா பொந்துக்குள்ள நீங்களே போய்க்கோங்க," என்றாள் ட்வைலா.

லைல் காது மெஷினை அணைத்துக்கொண்டான்.

கர்னல், வழக்கம்போல, ஓட்டெடுப்பு என்றார். சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும். அன்றைக்குக் கால்பந்து இருந்ததால் ஆட்டம் தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

ஆர்டிஸ் மனதுக்குள் தலைகளை எண்ணிப் பார்த்தாள். தோற்றுவிடுவாள். ரன்ஸா தின்ற வாயெல்லாம் ட்வைலாவுக்குத்தான் கை தூக்கும். அந்தப் பெயர் ஏறும். அவள் தடவித் தடவிச் சரிசெய்த விமானத்தின் கன்னத்தில் அவன் உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் மரியாதை வாங்குவான். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். தான் ஆறிப்போன சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்த அத்தனை சாயந்தரங்களுக்கும் சேர்த்து அவனுக்கு ஒரு பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை, பொந்தின் கடைசித் தகடு. ஆர்டிஸ் துப்பாக்கியை வைத்து அழுத்தினாள். தகடு அதிர்ந்தது. அதிர்வு நின்ற பிறகும் எங்கோ ஒரு சத்தம் நிற்காமல் இருந்தது.

கட கட கட.

அவள் கையை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே சத்தம். பக்கத்துத் தகட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. வியாழக்கிழமை அவர்கள் இருவரும் அடித்து மூடிய தகடு. உள்ளே ஏதோ கிடக்கிறது.

ஆர்டிஸுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவள் ஒன்றும் தெரியாதவள் போல மிச்ச ரிவிட்டுகளையும் அடித்து முடித்தாள். உள்ளேயிருந்து தட்டுகள் கொஞ்சம் தாமதமாக வந்தன. ட்வைலா வயிற்றுக் கதவு வழியாக இறங்கியபோது அவள் முகம் பெயிண்ட் அடிக்காத தகடு மாதிரி வெளுத்திருந்தது.

"உள்ள ஏதாவது விட்டியா?" என்றாள் ஆர்டிஸ். பல வாரத்துக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"ஒண்ணும் விடல."

"நல்லது."

எல்லாரும் முன்பக்கக் கூடத்துக்குச் சாப்பிடப் போனார்கள். ஆர்டிஸ் போகவில்லை. துளைபோடும் மெஷினை எடுத்தாள். வியாழக்கிழமைத் தகட்டைத் திறந்து, உள்ளே கிடக்கிற ஸ்பானரையோ சுத்தியலையோ எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஓட்டெடுப்பு தொடங்கும் நேரத்துக்குக் கூடத்துக்குள் நுழைய வேண்டும். பல் டாக்டருக்கு ஒரு சட்டம், பாராசூட்காரிக்கு ஒரு சட்டமா? ட்வைலா போனால் அந்தப் பெயரைக் கேட்க ஆள் இல்லை. அவள் தன் கையாலேயே அடித்த நல்ல ரிவிட்டுகளின் தலையை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தாள். அதில் மட்டும் கொஞ்சம் வலித்தது.

தகடு கழன்று கையோடு வந்தது. உள்ளே ஸ்பானர் இல்லை.

விமான உடலின் இரண்டு விலாச் சட்டங்களுக்கு நடுவே ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. மெர்ல் சாக்கெட் ஸ்பானர்கள் வைக்கிற பெட்டி. மூலையில் நசுங்கியிருந்தது, அந்த நசுங்கலை அவளுக்குத் தெரியும், அவளே ஒருமுறை அதை மெர்லின் தலையைக் குறிபார்த்து எறிந்தாள். பெட்டியின் இரண்டு காதிலும் போல்ட் போட்டு விலாவோடு முடுக்கி, போல்ட் தலைகள் திரும்பாமல் இருக்கப் பூட்டுக்கம்பியால் பிணைத்திருந்தது. கம்பி தொளதொளவென்று தொங்கியது. போல்ட் இரண்டும் பாதி கழன்றிருந்தன.

"மூடு அதை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ட்வைலா சாப்பிடப் போகவில்லை.

ஆர்டிஸ் பெட்டியின் கொக்கியைத் தூக்கினாள். உள்ளே கனமான பிளாஸ்டிக் பைக்குள் சாம்பல்.

அவள் கொக்கியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"அவனா?"

"அவர்தான்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

"நீ என் ரிவிட்டுக்குப் பின்னாடி அவனை வச்சு மூட வச்சிருக்க! என் கையாலேயே!"

"வேற யாரு கையால மூடறது? லைல் கையாலயா? ஒரு மாசத்துல பிச்சிக்கும்." ட்வைலா தலை குனியவில்லை. "போ. போய்க் கர்னலைக் கூட்டிட்டு வா. அதுக்குத்தானே திறந்த. ஒரு வருஷமா இந்த நாளுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த."

"கூட்டிட்டுத்தான் வரப்போறேன்."

"வா. நான் ஒண்ணும் உன் கால்ல விழப்போறதில்ல."

ஆர்டிஸ் நகரவில்லை. "எதுக்குடி இப்படிப் பண்ண? ஊர்ல கல்லறை இல்லையா?"

"இருக்கு. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கல்லுகூட வெட்டி வச்சிருந்தேன். சாகறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, 'என்னை என் விமானத்துல வையி'ன்னாரு. அப்போ அது பூங்காவுல தூண் மேல நிக்குது. 'சரி, அப்ப நான் எங்கே?'ன்னு கேட்டேன்." ட்வைலா கையைத் துடைத்துக்கொண்டாள், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "'நீ வேணும்னா வந்து வந்து பாரு'ன்னாரு. பூங்காவுல பெஞ்சு இருக்காம்."

ஆர்டிஸ் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. இரும்பில் இரும்பு உரசுகிற மாதிரி வந்தது.

"பெஞ்சு!" என்றாள். "அந்த நாய் எனக்குப் பெஞ்சுகூடக் காட்டல."

"நாய்னு சொல்லாத. அவரு என் புருஷன்."

"என் புருஷன்தான் முதல்ல. எனக்குச் சொல்ற உரிமை இருக்கு."

கூடத்திலிருந்து தட்டுகளின் சத்தமும் யாரோ கால்பந்து பற்றிக் கத்துவதும் கேட்டது.

ஆர்டிஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது எல்லாம் அவள் கையில். கர்னலைக் கூப்பிட்டால் போதும். ட்வைலா வாசலுக்கு வெளியே. பெட்டி அவள் மடியில். மெர்ல் திரும்ப வீட்டுக்குப் போவான். அடுப்பங்கரை அலமாரியிலோ வரவேற்பறையிலோ, ஒரு பெண்டாட்டியின் கண்ணுக்கு எதிரே, தினமும் சாப்பாட்டு நேரத்துக்கு உட்கார்ந்திருப்பான். உயிரோடு இருந்தவரை எதற்குப் பயந்து ஓடினானோ, அதிலேயே கடைசிவரை இருப்பான். அவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் ஆர்டிஸுக்குத் தெரியும், அந்தத் தண்டனை அவனுக்கு உறைக்காது, எதிரே உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் உறைக்கும். அந்த இடத்தில் ஆர்டிஸே உட்கார்ந்து பார்த்தவள்.

"கம்பி யாரு கட்டினது?" என்றாள்.

"நான்தான்."

"அது தெரியுது. கம்பி போல்ட்டை முடுக்கற பக்கமா இழுக்கணும். நீ கழட்டற பக்கமா இழுத்துக் கட்டியிருக்க. அதிர அதிரக் கழண்டுக்கிட்டே வந்திருக்கு. ஒரு சீஃப்கூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்க, இதுகூடவா கத்துக்கல?"

"வீட்ல அவரு கம்பியா கட்டிக்கிட்டிருந்தாரு?"

ஆர்டிஸின் வீட்டில் கட்டியிருக்கிறான். கல்யாணமான புதிதில், அடுப்பங்கரை அலமாரியின் கைப்பிடிகளையெல்லாம் பூட்டுக்கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து முறுக்கக் கற்றுக்கொடுத்தான். ஒரு வாரம் சர்க்கரை டப்பாவை எடுக்க முடியாமல் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த மெர்லை இவளுக்குத் தெரியாது. அந்த மெர்ல் தனக்கு மட்டும்தான் கிடைத்தான் என்று தெரிந்ததில் ஆர்டிஸுக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது. அதை அவள் முழுங்கிவிட்டாள்.

அவள் பழைய கம்பியை வெட்டி எறிந்தாள். அதன் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே எதுவும் கிடக்கக்கூடாது. போல்ட்டை முடுக்கினாள். புதுக் கம்பியைக் கோத்து, இடுக்கியால் பிடித்து, ஒரே சீராக முறுக்கிக்கொண்டு போய் அடுத்த போல்ட்டின் தலையில் சுற்றி இழுத்தாள். பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சத்தம் வரவில்லை.

"கேட்டுக்கோ," என்றாள் திரும்பாமல். "உள்ள இருக்கட்டும். ஆனா வெளிய பேரு கிடையாது. ஒரு பய வந்து இவனுக்குத் தொப்பியைக் கழட்டக் கூடாது. சம்மதமா?"

"பேரு வேணும்னுதான் கேட்டேன்..." என்று ஆரம்பித்தாள் ட்வைலா.

"ஒண்ணு ஆளு, இல்லைன்னா பேரு. ரெண்டும் தரமாட்டேன்."

"ஆளு," என்றாள் ட்வைலா.

"அப்ப உள்ள போ. கட்டையை நேராப் பிடி. இந்தத் தடவை சாய்ச்ச, உன்னையும் சேர்த்து மூடிடுவேன்."

ட்வைலா வயிற்றுக் கதவு வழியாக ஏறினாள். ஒருமுறை துளைத்து எடுத்த ஓட்டையில் பழைய அளவு ரிவிட் நிற்காது. ஒரு சுற்றுப் பெரியது போட வேண்டும். ஆர்டிஸ் பெரிய ரிவிட்டுகளை எடுத்துக்கொண்டாள். துப்பாக்கியின் காற்றை வழக்கமான அளவுக்குக் குறைத்தாள். அவளாகத்தான் குறைத்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடித்தாள். இரண்டு தட்டு. அடித்தாள். இரண்டு தட்டு. ஒன்றுகூட மூன்று தட்டு வரவில்லை. கடைசி ரிவிட்டுக்கு மட்டும் உள்ளேயிருந்து பதில் வர நேரமானது. ஆர்டிஸ் தகட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வந்தது, மெதுவாக. இரண்டு தட்டு.

கூடத்தில் கர்னல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீஃப் பெயருக்கு ஓட்டெடுப்பு என்று அவர் தொடங்குவதற்குள் ட்வைலா எழுந்தாள்.

"பேரு வேண்டாம். காலியா இருக்கட்டும்."

ஒருவருக்கும் புரியவில்லை. எல்லாரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள், அவள் இந்தப் பாவப்பட்ட பொம்பளையை என்ன சொல்லி மிரட்டினாளோ என்று. ஆர்டிஸ் தன் குடுவையிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டாள். லைல் மட்டும் சாயந்தரம் விமானத்தைச் சுற்றி வந்தபோது இடது பக்கம் நின்று தகட்டைத் தடவினான்.

"இந்த ஒரு தகட்டுல மட்டும் ரிவிட் பெருசா இருக்கே?"

"அவ தப்பாத் தட்டினா. எடுத்துட்டு மறுபடி அடிச்சேன்."

"ட்வைலாவா? நீயா ஒத்துக்கிட்ட, அடிச்சது கெட்டுப்போச்சுன்னு?"

"அவ தட்டினது தப்புன்னுதான் சொன்னேன், செவிட்டுக் கழுதை. மெஷினைப் போடு."

கொஞ்ச தூரத்தில் நின்ற ட்வைலாவுக்கு இது கேட்டது. மறுத்துப் பேசினால் பெட்டி வெளியே வந்துவிடும். அவளுக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரம் ஆர்டிஸைத் தவிர எல்லாருக்கும் ரன்ஸா கொண்டுவந்தாள்.

மே மாதக் கடைசியில், இறந்த வீரர்களை நினைக்கும் நாளில், விமானத்தை வெளியே இழுத்து நிறுத்தித் திறந்துவைத்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பான்டம் தன் பழைய சாம்பல் நிறத்தில், சொந்த எண்ணோடு, நீண்ட மூக்கோடு நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆர்டிஸ், அந்தப் பக்கம் ட்வைலா. பார்க்க வருகிறவர்களை விமானத்தில் சாயவிடாமல் விரட்டும் வேலை இருவருக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அந்தப் படைப்பிரிவில் ஒரு காலத்தில் இருந்தவர் போல, தொப்பியில் சின்னம் குத்திய ஒரு கிழவர் கயிற்றோரம் வந்து நின்றார். கண்ணாடி விளிம்புக்கு அடியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். விமானியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே சீஃப் என்று போட்டு, பக்கத்தில் வெறும் சாம்பல் நிறம்.

"சீஃப் பேரைக் காணோமே," என்றார் ஆர்டிஸிடம். "எங்கேம்மா அவரு?"

கயிற்றின் அந்தப் பக்கம் ட்வைலா திரும்பிப் பார்த்தாள்.

"விமானத்துக்குள்ள இருக்காரு," என்றாள் ஆர்டிஸ்.

கிழவர் சிரித்தார். அந்தக் காலத்துச் சீஃப்கள் எல்லாம் அப்படித்தான் என்பது போலத் தலையாட்டினார். "வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."

"வரமாட்டாரு," என்றாள் ஆர்டிஸ்.